கையில் சுருட்டு உண்டு. பிடிக்கத்தான் இடம் இல்லை!
லண்டனில் அரைச் சுவர் தேடி அலையும் பணக்காரர்கள்

லண்டன் மாநகரில் காசை வீசினால் உலகத்தின் உசத்தியான சுருட்டு எல்லாம் கிடைக்கும். கியூபா நாட்டுச் சுருட்டு பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஆனால், அதைப் பற்ற வைத்து நிம்மதியாக இழுக்க இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு!

மார்கழிக் குளிரில், பெரிய ஓட்டல்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கோட்டு-சூட்டு போட்ட கனவான்கள் காலைக் கம்பளியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேலே கூரை உண்டு. அனல் கக்கும் மின்சாரக் கம்பிகள் உண்டு. ஆனால், பக்கத்துச் சுவரில் பாதியைக் காணோம்!

சுவரை எடுத்தது யார்? திருடன் அல்ல. சட்டம்!

பாதி திறந்தால் தப்பு இல்லை

1-7-2007 அன்று காலை 6 மணிக்கு இங்கிலாந்து முழுவதும் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. கூரையும் சுவரும் உள்ள எந்தப் பொது இடத்திலும், வேலை செய்யும் இடத்திலும் புகை பிடிக்கக் கூடாது. ஓட்டல், மதுக்கடை, ஆபீஸ் எதற்கும் விலக்கு இல்லை. மீறிப் பிடித்தவருக்கு 50 பவுன் அபராதம். கோர்ட்டுக்குப் போனால் 200 பவுன் வரை தீட்டலாம். பிடிக்க விட்டு வேடிக்கை பார்த்த முதலாளிக்கு 2,500 பவுன் வரை!

இந்தச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கூரை இருந்தாலும், சுவர்ப் பரப்பில் பாதியாவது நிரந்தரமாகத் திறந்து கிடந்தால் அது 'மூடிய இடம்' ஆகாது. அங்கே புகை பிடிக்கலாம். கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, "பாருங்கள், திறந்துதானே இருக்கு" என்று ஏய்க்க முடியாது. மூடக்கூடிய எதுவும் திறப்புக் கணக்கில் சேராது.

ஓட்டல்காரர்கள் சும்மா இருப்பார்களா? அளவு நாடாவை எடுத்தார்கள். அளந்து அளந்து பாதிச் சுவரை விட்டு, பாதியைத் திறந்து, உள்ளே சோபா, கம்பளி, அனல் கம்பி எல்லாம் போட்டார்கள். ஹைட் பார்க் முனையில் உள்ள லேன்ஸ்பரோ ஓட்டலும், பெல்கிரேவியா பகுதியில் உள்ள பாய்ஸ்டேல் ஓட்டலும் இப்படிச் சுருட்டுக்கென்றே தனி இடம் ஒதுக்கிப் பேர் வாங்கியவை.

இன்னொரு வாசல்

சட்டத்தில் இன்னொரு சந்தும் உண்டு. சுருட்டுக் கடைக்கு உள்ளேயே, வாங்குவதற்கு முன் 'ருசி பார்க்க' பற்ற வைக்கலாம்.

அதற்கும் நிபந்தனை ஏராளம். கடை தனிக் கடையாக இருக்க வேண்டும். விற்பனையில் பாதிக்கு மேல் சுருட்டு, பைப் புகையிலை, மூக்குப்பொடி, அது சார்ந்த சாமான்களாக இருக்க வேண்டும். ருசி பார்க்கும் அறையை எழுத்து மூலம் குறித்து வைக்க வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். சிகரெட்டுக்கு மட்டும் அனுமதி கிடையாது!

செயின்ட் ஜேம்ஸ் தெருவில் உள்ள 'ஜே.ஜே.பாக்ஸ்' கடை இந்த ரகம். 1787-ல் தொடங்கிய வியாபாரத்தின் வாரிசு. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சில், வாலிப வயதில் 1900-ம் ஆண்டு இங்கேதான் கணக்கு வைத்துச் சுருட்டு வாங்க ஆரம்பித்தார். 7 அங்குல நீளமுள்ள ஒரு சுருட்டு ரகத்துக்கு இன்றைக்கும் 'சர்ச்சில்' என்றே பெயர்.

நம்ம ஊர்ச் சுருட்டும் லண்டனில் லேசுப்பட்டதல்ல. துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸ் வரும் முதல் நாவல் 1887-ல் வெளியானது. அதில் கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்த மாத்திரத்தில், "இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு" என்று அவர் சொல்லிவிடுவார்!

சோபாவில் சதுரங்கம்

ஒரு காலத்தில் இந்த அலைச்சலே கிடையாது. 1828-ல் ஸ்டிராண்டு வீதியில் 'கிராண்ட் சிகார் டிவான்' என்று ஒரு மண்டபம் திறந்தார்கள். சோபாவில் சாய்ந்து சுருட்டு பிடிக்கலாம், காபி குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம், சதுரங்கம் ஆடலாம். பிறகு அதுதான் 'சிம்சன்ஸ்' என்ற புகழ் பெற்ற ஓட்டல் ஆனது. சதுரங்க உலகம் 'அமர ஆட்டம்' என்று கொண்டாடும் ஆண்டர்சன்-கீசெரிட்ஸ்கி ஆட்டம் நடந்ததும் 1851-ல் அங்கேதான்.

ரெயிலில்கூட, 'புகை பிடிப்பவர்களுக்குத் தனிப் பெட்டி வை' என்று 1868-ல் சட்டமே போட்டார்கள்.

31 உயிரைக் குடித்த தீக்குச்சி

நிலைமை மாறியதற்கு ரத்தக்கறை படிந்த காரணமும் உண்டு.

லண்டன் பாதாள ரெயிலில் 1984-ல் புகை பிடிக்கத் தடை வந்தது. அடுத்த ஆண்டு பூமிக்கு அடியில் உள்ள ஸ்டேஷன்களுக்கும் தடை. ஆனாலும், வேலை முடிந்து வெளியே போகிற அவசரத்தில், நகரும் படிக்கட்டில் ஏறும்போதே பலர் பற்ற வைத்தார்கள். 18-11-1987 அன்று மாலை, கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில், எரிந்த தீக்குச்சி ஒன்று மரப் படிக்கட்டின் இடுக்கில் விழுந்தது. கீழே பல வருஷத்துக் கிரீசும் குப்பையும் கிடந்தன. குபீர் என்று பற்றிய தீ, டிக்கெட் கூடத்தையே சூழ்ந்தது. 31 பேர் மாண்டார்கள்.

சர்வருக்கு வேறு நுரையீரலா?

2007 சட்டம் முதலில் இவ்வளவு கடுமையாக இல்லை. 'சாப்பாடு போடாத மதுக்கடைக்கும், உறுப்பினர் மட்டும் வரும் கிளப்புக்கும் விலக்கு' என்பதுதான் அரசாங்கத்தின் திட்டம். எதிர்ப்பாளர்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டல் சர்வருக்கு ஒரு நுரையீரல், கிளப் சர்வருக்கு வேறு நுரையீரலா? 14-2-2006 அன்று பாராளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. விலக்கு கூடாது என்று 384 பேர். வேண்டும் என்று 184 பேர். விலக்கு தோற்றது!

2024-ல், திறந்த வெளி மதுத்தோட்டங்களிலும் தடை போடலாமா என்று அரசு யோசித்தது. வியாபாரிகள் கூக்குரல் போட்டதால் அது கைவிடப்பட்டது. ஆனால், 1-1-2009 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த யாருக்கும் எக்காலத்திலும் புகையிலை விற்கக் கூடாது என்ற மசோதா அந்த ஆண்டு நவம்பரில் வந்தது.

அவசரம் கூடாது

சுருட்டு பிடிப்பதில் தேறியவர்கள் அவசரப்படுவதில்லை. மூடியிருக்கும் நுனியை மட்டும் லேசாக வெட்டுகிறார்கள். நெருப்பை ஒட்டவிடாமல் காட்டி, நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு. புகையை நெஞ்சுக்குள் விடுவதில்லை. வாயில் வைத்து ருசித்து விட்டுவிடுகிறார்கள். நடுத்தரச் சுருட்டு ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கடைசியில் நசுக்காமல், தானே அணையட்டும் என்று சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிடுகிறார்கள். நசுக்கினால் நாற்றம்!

நெஞ்சுக்குள் விடாவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைத்தால் ஏமாந்தோம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சுருட்டும் காரணம். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருப்பதுண்டு.

அரைச் சுவர் மாடத்தில் கனவான் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விடுவார். தட்டு ஏந்தி வருகிற சர்வர் அப்படிப் போக முடியாது. டியூட்டி முடிகிறவரை அவர் அங்கேதான் நிற்க வேண்டும். திறந்து கிடக்கும் அந்தப் பாதிச் சுவர் பணக்காரருக்குக் குளிரைத் தருகிறது. சர்வருக்கு மூச்சுக் காற்றைத் தருவதும் அதுதான்.