புரட்டாசியில் புரதம்: கறியை நிறுத்தினால் தட்டில் எதைக் கூட்டுவது?

புரட்டாசி பிறந்தால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் கறி, மீன், முட்டை மூன்றும் நின்றுவிடும். சிலர் மாதம் முழுக்க விரதம். சிலர் சனிக்கிழமைகளில் மட்டும். கறிக்கடையில் ஈ ஓட்டும் அந்த நாட்களில் காய்கறிக் கடையில் சேனைக்கிழங்குக்கும் காளானுக்கும் கிராக்கி. சேனையை மீன் மசாலா தடவிப் பொரித்தால் மீன் வறுவல் ருசி வந்துவிடுகிறது. பலாக்காயைப் பிரட்டினால் மெல்லுவதற்குக் கறி போலவே இருக்கிறது. ஆனால் புரதம்? 100 கிராம் ஆட்டுக்கறியில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. அதே எடைக் காளானில் 3 கிராம் சொச்சம். சேனையிலும் பலாக்காயிலும் அதைவிடக் குறைவு. இவை நாக்கைச் சமாதானப்படுத்துமே தவிர, புரதக் கணக்கில் சேராது.

கறிக்கு மாற்று பருப்பும் பயறும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு போட வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். அந்த அளவை வீட்டுச் சமையலுக்குள் கொண்டுவரும் வழியைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: தேவையைக் கணக்கிடுங்கள்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். எடை 60 கிலோ என்றால் 50 கிராம். இது தரமான புரதத்துக்கான கணக்கு. சாப்பாட்டில் அரிசியே பெரும்பங்கு என்றால் கிலோவுக்கு 1 கிராம், அதாவது 60 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதற்கு மேலும் தேவைப்படும்.

படி 2: இப்போது சாப்பிடுவதை எண்ணுங்கள்

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நான்கு இட்லி: 7 அல்லது 8 கிராம். மதியம் 125 கிராம் அரிசி வடித்த சோறு: 10 கிராம். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டு வைத்த சாம்பாரில் ஒருவர் பங்கு: 5 கிராம் சொச்சம். ஒரு கரண்டி தயிர்: 3 கிராம். இரண்டு வேளை காபிக்கான பால்: 6 கிராம். இரவு மூன்று தோசை: 7 அல்லது 8 கிராம். எல்லாம் கூட்டினால் 40 கிராமைத் தொடுகிறது. பொரியல், சட்னியிலிருந்து இரண்டொரு கிராம் வரலாம்.

இனி கறியின் கணக்கு. வாரத்தில் இரண்டு நாள், எலும்பு நீக்கி 100 கிராம் கறி சாப்பிடுபவருக்கு அதிலிருந்து வாரத்துக்குக் கிடைப்பது 40 கிராம் புரதம். ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 6 கிராம்கூட இல்லை. ஆக, கறி நின்றதால் வரும் குறை சிறியது. கறி சாப்பிட்ட ஆவணி மாதத்திலேயே தட்டில் பற்றாக்குறை இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தினமும் மீனும் முட்டையும் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் குறை இன்னும் பெரிதாக இருக்கும்.

நாளொன்றுக்கு 15 கிராம் கூட்டுவதை இலக்காக வைத்துக்கொள்வோம்.

படி 3: எதிலிருந்து என்று முடிவு செய்யுங்கள்

கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, பருப்பு வகைகள் எல்லாம் 100 கிராமுக்கு ஏறக்குறைய 19 முதல் 24 கிராம் வரை புரதம் உள்ளவை. இதில் விலை பார்த்து, பிடித்ததை வாங்கலாம். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. வேர்க்கடலையிலும் அதே அளவு உண்டு. ஆனால் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு இருப்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பனீரில் 18, 19 கிராம். மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டையில் 50 கிராம் அளவுக்கு உண்டு. எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்வதால் அத்தனை செறிவு.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த எண்கள் எல்லாம் காய்ந்த பருப்புக்கு உரியவை. வெந்தபின் தண்ணீர் ஏறி எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 அல்லது 9 கிராம் புரதம்தான். அதனால் எப்போதும் ஊறப்போடும் முன்பே அளந்துவிடுங்கள். ஆளுக்கு 60 முதல் 70 கிராம் காய்ந்த பயறு என்றால் இலக்கை எட்டிவிடலாம்.

படி 4: ஊறவைத்து, வேகவைத்து, சுண்டலைப் பெரிதாக்குங்கள்

நவராத்திரி பெரும்பாலும் புரட்டாசியில்தான் வருகிறது. ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் செய்யும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குறை அளவில்தான்: தொன்னையில் கிடைக்கும் ஒரு பிடிச் சுண்டலில் 4 கிராம் தேறினால் அதிகம். அதையே ஒரு கிண்ணம் நிறைய, சுமார் 150 கிராம், காலை டிபனாகவோ மாலைச் சாப்பாடாகவோ வைத்தால் 12, 13 கிராம் வந்துவிடும்.

கொண்டைக்கடலையும் மொச்சையும் 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். இரவில் போட்டுவிட்டால் காலையில் தயார். ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகக் காய்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் விட்டு வேகவையுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். வேகவைக்கக் குடிதண்ணீரே நல்லது. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் பயறு லேசில் வேகாது. புளி, தக்காளி எதுவானாலும் பயறு வெந்தபிறகே சேர வேண்டும். புளிப்பு முன்பே சேர்ந்தால் எத்தனை விசில் விட்டாலும் தோல் விறைத்தே நிற்கும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போடுவதும் வேண்டாம்; பயறில் உள்ள தயமின் என்ற வைட்டமினை அது கெடுத்துவிடும்.

ராஜ்மா போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரைவேக்காட்டில் அது வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்து, நன்றாக மசியும்வரை வேக வேண்டும்.

பாசிப்பயறை முளைகட்டலாம். எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். முளைகட்டுவதால் புரதம் பெருகிவிடாது. வைட்டமின் சி கூடும், செரிமானம் எளிதாகும், இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு ஆவியில் வேகவைத்தே கொடுங்கள். முளை வளரும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் தோதானவை.

படி 5: சாம்பார் நாளில் பருப்பு உருண்டைக் குழம்பு

புரதத்துக்கு நாம் நம்பியிருப்பது சாம்பாரை. அதில் பருப்பு குழம்பைக் கெட்டியாக்க மட்டுமே இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அதற்குப் பதில் பருப்பு உருண்டைக் குழம்பு வைத்தால் ஆளுக்கு 5 கிராம் என்பது 11 கிராமாகிவிடும்.

நான்கு பேருக்குக் கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சரிபாதியாக 200 கிராம். இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். காய்ந்த மிளகாய், சோம்பு, உப்பு சேர்த்து மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்க வேண்டாம். விழுதை விரலால் தேய்த்தால் அங்கங்கே அரைபடாத பருப்பு நெருட வேண்டும், அதுதான் பதம். நைசாக அரைத்தால் உருண்டை கல்லாகும். தண்ணீர் சேர்ந்தால் குழம்பில் கரைந்துபோகும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், தேங்காய்த்துருவல், கறிவேப்பிலை கலந்து எலுமிச்சை அளவுக்கு உருட்டினால் பதினாறு உருண்டை தேறும். இட்லித் தட்டில் 10 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள்.

புளிக்குழம்பைச் சற்று நீர்க்கவே வையுங்கள், உருண்டை உறிஞ்சிக்கொள்ளும். பச்சை வாசனை போய் எண்ணெய் மிதக்கும்போது உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, 5 நிமிடம் சிறுதீயில் விடுங்கள். கரண்டி போட்டுக் கிளறாமல் பாத்திரத்தை அசைத்துக்கொடுத்தால் போதும். ஆளுக்கு நான்கு உருண்டை. மட்டன் குழம்பு மசாலாவில் மொச்சைக் குழம்பு வைத்தாலும் இதே கணக்குதான், ஆளுக்கு 50 கிராம் மொச்சை போட்டால்.

படி 6: இரவு டிபனை மாற்றுங்கள்

நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்ட 100 கிராம் தோசைக் கலவையில் 11 கிராம் புரதம். அரிசியும் பருப்பு வகைகளும் சரிக்குச் சரி போட்ட அடையில் அதே 100 கிராமுக்கு 15 கிராம். பாசிப்பயறை மட்டும் ஊறவைத்து இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்து ஊற்றும் பெசரட்டில் 22 கிராம். பெசரட்டுக்குப் புளிக்கவைக்கும் வேலையும் இல்லை.

தொட்டுக்கொள்ள எள் சேர்த்த இட்லிப் பொடி வைத்துக்கொள்ளுங்கள். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியிலும் எள்ளிலும் உண்டு. இரண்டும் ஒரே கவளத்தில் சேர வேண்டியதில்லை. ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

படி 7: ஞாயிற்றுக்கிழமைக்கு மீல் மேக்கர்

நான்கு பேருக்கு 100 கிராம் போதும். ஆளுக்கு 12, 13 கிராம் வந்துவிடும். உப்புப் போட்ட கொதிக்கும் தண்ணீரில் போட்டு அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடிவையுங்கள். வடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பிழியுங்கள். இதை இரண்டு முறை செய்தால் சோயாவின் பச்சை வாடை போகும். பிழியாமல் விட்டால் உள்ளே தண்ணீர்தான் நிற்கும், மசாலா ஏறாது. பிறகு சோம்பு, பட்டை, கசகசா, தேங்காய் அரைத்து வழக்கமான கறிக்குழம்பாகவே வைக்கலாம். மிக்சியில் உதிர்த்துப் பொட்டுக்கடலை மாவு சேர்த்தால் கோலா உருண்டைக்கும் ஆகும்.

படி 8: கறியோடு போகும் மற்றச் சத்துகள்

இரும்புச்சத்து பயறிலும் உண்டு. ஆனால் கறியில் இருப்பதைப் போல உடம்பு அதை எளிதாக எடுத்துக்கொள்ளாது. சுண்டலை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் வைட்டமின் சி கைகொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

பி12 வைட்டமின் பயறில் அறவே கிடையாது. ஆரோக்கியமான ஒருவருக்குக் கல்லீரலில் இருப்பு உண்டு. பாலும் தயிரும் கொஞ்சம் தரும். ஒரு மாதத்துக்குக் கவலை வேண்டாம். கறியோடு பாலையும் சேர்த்து நிரந்தரமாக விடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன்பே மருத்துவரைக் கேட்பது அவசியம்.

பயறு பழகாத வயிறு முதலில் முரண்டு பிடிக்கும். முதல் வாரம் ஆளுக்கு 30 கிராமில் தொடங்கி அடுத்த வாரம் இரட்டிப்பாக்குங்கள். பெருங்காயம், சீரகம், இஞ்சி தாராளமாகப் போடலாம். தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

படி 9: மளிகைக் கணக்கில் சரிபாருங்கள்

தினமும் தராசு வைத்து அளக்க யாராலும் முடியாது. அதற்கு மளிகைப் பொட்டலமே போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 60 கிராம் என்றால் நாளுக்கு 240 கிராம். ஆக, சாம்பாருக்கும் மாவுக்கும் போவது போக, சுண்டல், உருண்டை, அடைக்கென்று எடுத்துவைத்த 1 கிலோ பருப்பு நான்கு நாளில் தீர வேண்டும். மாதத்துக்கு 7 கிலோவுக்கு மேல். மீல் மேக்கர், பனீர் செய்யும் நாட்களைக் கழித்தால் 6 கிலோ. வாங்கிய பொட்டலம் பத்து நாளாகியும் பாதி இருந்தால், கறிக்கு மாற்று இன்னும் தட்டுக்கு வரவில்லை, மளிகை டப்பாவிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.