உஷார்! பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எலெக்ட்ரிக் வண்டி

சங்கரன்கோவில்காரர்களே, உங்கள் வீட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தைப் பஞ்சருக்கோ டயர் மாற்றவோ கழற்றி மாட்டியிருக்கிறீர்களா? ஆக்சிலேட்டரை முறுக்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெட்ரோல் வண்டியில் பின் சக்கரம் வெறும் சக்கரம். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த எலெக்ட்ரிக் வண்டியில் அதுதான் எஞ்சின். மாட்டுகிற கை கொஞ்சம் அசந்தால் மோட்டார் கருகும், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் போகும். ராஜபாளையம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

நம் ஊரில் இந்த வண்டிகள் பெருகிவிட்டன. ரத வீதிகளிலும் பூ மார்க்கெட் பக்கமும் விடியற்காலையிலேயே சத்தமில்லாமல் ஓடுகின்றன. தறிக்கூடத்துக்குப் போகிறவர்கள் பின்னால் சேலைக் கட்டு ஏற்றிக்கொண்டும் ஓட்டுகிறார்கள். இவற்றில் பல, லைசென்ஸும் பதிவும் வேண்டாத மெதுவேக வண்டிகள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் மோட்டார் வாகன விதிகள் அவற்றை மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. விலை குறைவு, ஓட்டுவது எளிது. ஆனால் டயர் பஞ்சரானால் பெரும்பாலோர் போவது பக்கத்துப் பஞ்சர் கடைக்குத்தான். அங்கே இருப்பவர் இருபது வருடமாகப் பெட்ரோல் வண்டிச் சக்கரம் கழற்றியவர்; கை தேர்ந்தவர். அந்தத் தேர்ச்சியே இங்கே ஆபத்தாகிவிடுகிறது. காரணம், இரண்டு வண்டியிலும் அச்சு செய்யும் வேலை ஒன்றல்ல.

பெட்ரோல் வண்டியில் அச்சு ஒரு கம்பி. அதன் மேல் சக்கரம் சுழல்கிறது, அவ்வளவுதான். சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கும் வண்டியில் அச்சோடு மோட்டாரின் உள்பகுதி இறுகப் பிணைந்திருக்கிறது, சுற்றுவது வெளிக்கூடு. கூட்டை மோட்டார் முன்பக்கமாகத் தள்ளும்போது, அதே பலத்தோடு அச்சு பின்பக்கமாகச் சுழலப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் தடுக்கத்தான் அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கிறார்கள். அந்தத் தட்டைப் பக்கங்கள், சக்கரத்தைத் தாங்கும் பின் கையில் (ஸ்விங் ஆர்ம்) உள்ள பிளவில் ஒட்டினாற்போல் உட்கார வேண்டும்.

எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குப் பாருங்கள். எலெக்ட்ரிக் சைக்கிளின் சின்ன மோட்டாரே 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சின் தட்டைப் பக்கங்கள் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால், அந்த விளிம்புகளில் விழும் விசை ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமம். டி.வி.எஸ். ஐக்யூப் மாதிரி ஸ்கூட்டரில் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் உச்சத்தில் 4.4 கிலோவாட் வரை போகும். அதன் முறுக்கு விசை 140 நியூட்டன் மீட்டர். அதனால்தான் அந்த வண்டிகளில் அச்சும் தடிமன், நட்டும் பெரிது. நட்டு லூசாக இருந்தாலோ, அச்சு சுழலாமல் தடுக்கும் முறுக்குத் தடுப்பு வாஷரை மாற்றிப் போட்டாலோ, ‘இது எதுக்கு’ என்று அதை விட்டுவிட்டாலோ, முதல் மேட்டில் முறுக்கும்போதே அச்சு தன் பிளவை அரைத்துக்கொண்டு சுழன்றுவிடும்.

சுழன்றால் சக்கரம் கழன்று விழும் என்பது பாதி ஆபத்துதான். மோட்டாருக்குள் போகும் ஒயர் எல்லாம் அந்த அச்சின் துளை வழியாகத்தான் வெளியே வருகிறது. அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒயர் முறுக்கி, உறை கிழிந்து, உள்ளே ஒன்றோடு ஒன்று உரசும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு எடுத்துவரும் தடித்த ஒயர் மூன்று: மஞ்சள், பச்சை, நீலம். அவற்றோடு மெல்லிய ஒயர் ஐந்து. மோட்டார் இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் ஒயர்கள் அவை. 5 வோல்ட்டில் வேலை செய்பவை. 48 அல்லது 60 வோல்ட் போகும் தடித்த ஒயர் இந்த மெல்லிய ஒயரைத் தொட்டால் சென்சார் அந்த நொடியே செத்துப்போகும். பல சமயம் கன்ட்ரோலரும் கூடவே போய்விடும். நூறு ரூபாய் பஞ்சர் வேலை ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது இப்படித்தான்.

ஆகவே முதல் எச்சரிக்கை: கழற்றாமல் முடிகிற வேலைக்குச் சக்கரத்தைக் கழற்றவே விடாதீர்கள். டியூப்லெஸ் டயராக இருந்து, குத்தியிருப்பது ஆணி என்றால் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே அடைத்துவிடலாம். டியூப் டயரிலும் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டால் ஒரு பக்கத்து டயரை மட்டும் நெம்பி, டியூபின் அந்தப் பகுதியை வெளியே இழுத்து ஒட்டலாம். கடைக்காரருக்கு இது கூடுதல் சிரமம்தான். கூடுதலாகக் காசு கொடுத்துவிடுங்கள்.

கழற்றித்தான் ஆக வேண்டுமா? ஸ்பேனரை வைக்கும் முன், “அண்ணாச்சி, ஒரு நிமிசம் பொறுங்க, போட்டோ எடுத்துக்கிடுதேன்” என்று சொல்லி செல்போனை எடுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஒயர் போகும் வழி ஒன்று. எந்த வாஷர் பிளவுக்கு உள்ளே, எது வெளியே, வாஷரின் கொக்கி எந்தத் திசை பார்க்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். அடுத்து சீட்டுக்கு அடியில் உள்ள எம்.சி.பி.யை, அதாவது பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்குங்கள். சாவியை அணைத்தால் மட்டும் போதாது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்களில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். சில நிமிடம் விட்டு மோட்டார் ஒயரின் கப்ளரைப் பிரியுங்கள். பிரிக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கப்ளரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தை ஒயர் இருக்கும் பக்கம் தரையில் பட வைக்காதீர்கள். டயர் நெம்பும் கம்பியையும் அந்தப் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள்.

டிஸ்க் பிரேக் வண்டி என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிள்ளைகள் யாரும் பிரேக் லீவரை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேடு இரண்டும் நெருங்கிவிடும், டிஸ்க் உள்ளே போகாது. டிரம் பிரேக்கில் வேறு சிக்கல்: பிரேக் தட்டு சுழலாமல் பிடித்திருக்கும் தாங்கு கம்பியின் போல்ட்டை மாட்ட மறந்துவிடுவார்கள். அது இல்லாமல் பிரேக் பிடித்தால் தட்டு முழுதாகச் சுழன்று பிரேக் கம்பியை வளைத்துவிடும்.

மாட்டும்போது சுத்தியல் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அச்சு பிளவுக்குள் கையாலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அச்சின் தட்டைப் பக்கம் நேராக நிற்கவில்லை, அல்லது பிளவில் நம் கரிசல் மண் இறுகிக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வயல் ஓரம் போய்வந்த வண்டியில் அந்த மண் சிமெண்டு போலக் காய்ந்து ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டு மாட்டுங்கள். மண்ணோடு சேர்த்து நட்டை இறுக்கினால், மண் உதிர்ந்த அன்றைக்கு நட்டு லூசாகிவிடும். இறுக்க வேண்டிய அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். அதன்படி இறுக்கும் டார்க் ஸ்பேனர் பெரிய ஒர்க்ஷாப்புகளில் இருக்கிறது. ஒயர் அச்சிலிருந்து கீழ்நோக்கி வளைந்து, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் வளைவில் சொட்டிப் போகும். நேராக மேலே கட்டிவிட்டால் ஒயர் வழியாகவே தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும்.

இனி, மாட்டிய பிறகு. கடைக்காரர், “ரெடி, எடுங்க” என்பார். எடுக்காதீர்கள். எம்.சி.பி. இறங்கியபடியே இருக்கட்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். லேசான தடங்கலோடு வழுவழுவென்று சுற்றினால் சரி. சேற்றில் சிக்கியதுபோல் கனமாக, விட்டுவிட்டு இழுத்தபடி சுற்றுகிறதா? முதலில் பிரேக் உரசுகிறதா என்று பார்த்து லூசு செய்யுங்கள். அப்படியும் கனம் குறையவில்லை என்றால் தடித்த ஒயர் மூன்றில் எவையோ இரண்டு ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது கன்ட்ரோலர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர்கூட வேண்டாம். மூன்று தடித்த ஒயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து பிரித்து, ஒன்றோடு ஒன்று படாமல் தள்ளி வைத்து மறுபடி சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் கோளாறு கன்ட்ரோலரில். இன்னும் கனமாகவே இருந்தால் கோளாறு மோட்டாரிலோ அதன் ஒயரிலோ. எலெக்ட்ரிக் சைக்கிளில் பல் சக்கரம் வைத்த சின்ன மோட்டார் என்றால் இந்தச் சோதனைக்குச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். முன்பக்கம் சுற்றினால் மோட்டார் கூடவே சுழலாது.

சக்கரம் லேசாகச் சுற்றுகிறது, ஆனால் எம்.சி.பி.யை ஏற்றிச் சாவி போட்டு முறுக்கினால் வண்டி நகரவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது. இதில் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. பிரேக் லீவரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறது. பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துவது அதுதான். பின் பிரேக் கம்பியை மறுபடி மாட்டும்போது கூடுதலாக இறுக்கியிருந்தால் லீவர் முழுதாகத் திரும்பி வராது. வண்டி பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். சில வண்டிகளில் சைடு ஸ்டாண்டுக்கும் இதே மாதிரி சுவிட்ச் உண்டு. அடுத்து ஹால் சென்சார் கப்ளரைப் பாருங்கள். அதன் மெல்லிய ஊசிகளில் ஒன்று வளைந்து பின்னால் போயிருக்கும். மல்டிமீட்டர் தெரிந்தவர் இருந்தால் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் அளவுக்கு வருகிறதா, சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது மற்ற மூன்று ஒயரிலும் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். மூன்றில் ஒன்று அசையாமல் நின்றால் அந்தச் சென்சாரோ அதன் ஒயரோ போயிருக்கிறது.

முறுக்கினால் ‘குர்ர்’ என்று உறுமுகிறது, உதறுகிறது, தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் உடனே கையை எடுங்கள். நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை இங்கே சொல்ல வேண்டும். விசைத்தறி மோட்டாரை அறிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர் இது. மூன்று ஃபேஸ் தறி மோட்டார் மாறிச் சுற்றினால் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் போதும், சரியாகிவிடும். உண்மைதான். அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இந்த மோட்டார் ஹால் சென்சார் சொல்லும் நிலையைப் பார்த்துத்தான் மின்சாரம் வாங்குகிறது. தடித்த ஒயரில் இரண்டை மட்டும் மாற்றினால், அது வேண்டாத நேரத்தில் வேண்டாத பக்கம் இழுக்கும். உதறும், அளவுக்கு மீறி மின்சாரம் உறிஞ்சும், நின்ற இடத்திலேயே சூடாகும். ‘மாற்றி மாற்றிப் போட்டுப் பாப்போம்’ என்று முறுக்கிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோலர் கருகிவிடும். நிறத்துக்கு நிறம் சேர்ந்திருக்கிறதா, கப்ளரின் முள் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாதி போன முள் அன்றைக்கு ஓடும். நாலு நாளில் சூடேறிக் கப்ளரை உருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் சக்கரம் தூக்கியபடியே மிக மெதுவாக ஒருமுறை ஓட விடுங்கள். கையோ சேலை முந்தானையோ குழந்தையோ பக்கத்தில் இருக்கக் கூடாது. அந்தரத்தில் சக்கரம் கண் மூடித் திறப்பதற்குள் முழு வேகம் எடுத்துவிடும். பிறகு நட்டிலிருந்து பின் கை வரை நெயில் பாலிஷால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். நாலு தெரு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்னால் ‘டக்’ என்று சத்தம் வந்தால் அச்சு பிளவுக்குள் ஆடுகிறது. இதில் ‘வீடு வரைக்கும் போயிடலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதுவரை சொன்னது சக்கரத்துக்குள் மோட்டார் இருக்கும் வண்டிகளுக்கு. ஏத்தர் போன்ற வண்டிகளில் மோட்டார் நடுவில் இருக்கிறது. பெல்ட் பின் சக்கரத்தைச் சுற்றுகிறது. அங்கே ஒயர் பயம் இல்லை, ஆனால் பெல்ட்டின் இழுவையும் நேர்த்தியும் பஞ்சர் கடையில் சரிபார்க்கக்கூடியவை அல்ல.

எலெக்ட்ரிக் வண்டி ஆபத்து என்றதும் நினைவுக்கு வருவது பேட்டரிதான். 2022 மார்ச் கடைசியில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அடுத்த சில நாட்களில் மணப்பாறையிலும் சென்னைப் பக்கத்திலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலையை விட்டு வரும் பேட்டரியை அந்த விதிகள் பார்த்துக்கொள்ளும். தெருவோரத்தில் மாட்டிய நட்டையும் நசுங்கிய ஒயரையும் வந்து சோதிக்க எந்த அதிகாரியும் இல்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பஞ்சர் கடை நடத்தும் அண்ணாச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி வந்ததும் அச்சைப் பாருங்கள். அதிலிருந்து தடித்த ஒயர் வந்தால் உள்ளே மோட்டார் இருக்கிறது. தெரியவில்லை என்றால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதில் எந்தக் குறைவும் இல்லை. மோட்டாரின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் காந்தங்கள் விரலை நசுக்கும், இரும்புத் தூளை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும்.

வண்டி வைத்திருப்பவர்களே, ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரே நெரியும். ரத வீதியில் கூட்டத்துக்கு நடுவே ‘டக்’ என்ற அந்தச் சத்தம் கேட்டாலும், சக்கரம் கனத்தாலும், இறங்கி எம்.சி.பி.யை இறக்குங்கள். உருட்டிக்கொண்டும் போகாதீர்கள், ஒயர் ஷார்ட் ஆன மோட்டாரை உருட்டினால் அது மின்சாரம் உண்டாக்கித் தன்னையே சூடாக்கிக்கொள்ளும். ஒரு குட்டியானை லோடு வண்டியைக் கூப்பிட்டு, வண்டியை ஏற்றிச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.