கலையும் பிணையும்

மானினத்து ஆணைக் கலையென்றும், பெண்ணைப் பிணையென்றும், குட்டியை மறியென்றும் வழங்குதல் தமிழ் மரபு. தொல்காப்பியத்து மரபியலும் இப்பெயர்களை எடுத்தோதும். புள்ளிமானிலே கலைக்கன்றிப் பிணைக்குக் கொம்பில்லை. இவ்வேற்றுமை புலவர்க்கு அழகுப் பொருளாயிற்று. மான்தொகையைப் பேணுவார்க்கோ கணக்கின் திறவுகோலாயிற்று.

அக்கணக்கு யாதெனின், ஒரு கலை பல பிணைகளோடு கூடும். ஆதலின் கலைகள் சில குறையினும் பிறக்கும் மறிகளின் தொகை பெரிதும் குறைவதில்லை. பிணை குறையின், அஃது ஈனவிருந்த மறிகளும் உடன் குறையும். எனவே மான் அருகிய இடத்திற் பிணையைக் காத்தல் முதற்கடன். மிகப் பெருகிய இடத்திலோ, கலையை மட்டும் வேட்டையாடுதலாற் பெருக்கம் அடங்காது.

வேட்டைக்கு இடமளிக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்கள், பிணையும் மறியுமாகிய கொம்பில்லா மான்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு வழங்கி, இடந்தோறும் எல்லை வகுக்கின்றன. 1943ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலம் அவற்றைச் சுட இடமளித்தபோது மக்கள் பெரிதுஞ் சினந்தனர். மிகைப்பட்ட மான்கள் குளிர்காலத்தில் உணவின்றி மடிதலைச் சுட்டிய அறிஞர் அல்டோ லியோபோல்ட் அதனை ஆதரித்தார். சீட்டு மட்டும் போதுமோவெனின், போதாது. ஆங்குக் காட்டுவிலங்கு பொதுவுடைமை. நிலமோ பெரும்பாலும் தனியுடைமை. உரியவர் இசையாத காணிகளில் மான் பெருகிக்கொண்டேயிருக்கும்.

இலங்கையின் நிலை வேறு. 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விலங்குகளுக்குக் காப்பளித்தது. சாவகச்சேரிக்குத் தென்கிழக்கேயுள்ள சுண்டிக்குளம் 1938இற் புகலிடமாயிற்று. இன்று மானை வேட்டையாடுதல் குற்றமாகும். வில்பத்துக் காட்டிலே சிறுத்தையே மான்தொகைக்கு வரம்பு கட்டுகின்றது.

சிறுத்தையும் வேட்டையும் இல்லாவிடத்து யாது நிகழும்? திருக்கோணமலை விடைதருகின்றது. பிரட்றிக் கோட்டையிலுங் கடற்கரையிலும் உலவும் புள்ளிமான்கள் நகர வீதிகளிற் புகுந்து குப்பையை மேய்கின்றன. உணவோடு பொலித்தீனையும் விழுங்கி மடிகின்றன. துப்பாக்கியினின்று காத்த சட்டம், எறிந்த பையினின்று காக்கவில்லை.

இதற்காக அங்கே வேட்டை வேண்டுமென்பதன்று. கொல்லாமை நம் அறம். ஆயினும் கொல்லாமை மட்டுமே காத்தலாகாது. ஆண்டுதோறும் கலை, பிணை, மறியெனத் தனித்தனி எண்ணல் வேண்டும். மேய்ச்சல் நிலமும் நன்னீரும் அத்தொகைக்குப் போதுமோவென ஆராய்தல் வேண்டும். குப்பையை மூடி அகற்றல் வேண்டும். கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் பையோடு உணவெறிதலைத் தவிர்த்தல் வேண்டும்.

மான்மறி ஏந்திய கரத்தனை வணங்கச் செல்லும் வழியிலே மான் குப்பை தின்று மடிதல் தகுமோ? அருளுக்குங் கணக்கு வேண்டும். கணக்கற்ற அருள் அவ்வுயிர்க்கே தீங்காய் முடியும்.