எரிவாயுவால் ஓடும் மோட்டார் வண்டி

அடுப்பில் நீலச் சுடராய் எரியும் வாயு மோட்டார் வண்டியையும் ஓட்ட வல்லது என்பதைப் பலர் அறிவர். அவ்வாயு ஒரு மோட்டார் வண்டியின் குறையை ஆராயப் புகுந்தபோதே பிரித்தறியப்பட்டது என்பதைச் சிலரே அறிவர். 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், தாம் வாங்கிய பெட்ரோலில் பாதி வீடு சேர்வதற்குள் ஆவியாகிவிடுகிறதென்று கார்க்காரர் ஒருவர் முறையிட்டாராம். வால்ட்டர் ஸ்னெல்லிங் என்னும் வேதியியல் அறிஞர் அந்த ஆவியைப் பகுத்து ஆராய்ந்தார். அதில் புரோப்பேன், பியூட்டேன் முதலிய வாயுக்கள் இருக்கக் கண்டார். பெட்ரோலைவிட்டுத் தப்பியோடிய அப்பொருளே இன்று பெட்ரோலுக்கு மாற்றாகக் காருக்குள் வந்து அமர்ந்துள்ளது.

வாயு நீர்மமாவது எப்படி?

வாயுவை வாயுவாகவே சுமந்து செல்வதாயின் காரைவிடப் பெரிய பை வேண்டும். ஆனால் இவ்விரு வாயுக்களுக்கும் ஓர் அரிய இயல்பு உண்டு. சிறிது அழுத்தினால் அவை நீர்மமாகிவிடும்; அவ்வாறு ஆகும்போது ஏறத்தாழ 250 பங்கு இடம் ஒரு பங்காகச் சுருங்கும். கலவைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப, காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 5 முதல் 10 மடங்கு அழுத்தம் இதற்குப் போதும். அழுத்தம் நீங்கின் நீர்மம் மீண்டும் வாயுவாகும். மாற்றியமைத்த காரில் நடைபெறுவது இவ்வளவே.

பட்டறையில் நடப்பது

பெட்ரோல் காரை மாற்றும்போது பழைய பெட்ரோல் தொட்டியை அகற்றுவதில்லை. காரின் பின்புறம், பெரும்பாலும் மாற்றுச் சக்கரம் இருந்த குழியில், வளையம் போன்ற எஃகுக் கலம் ஒன்று பொருத்தப்படும். அதிலிருந்து நீர்மம் குழாய் வழியாக முன்புறம் செல்லும். ஆங்கே ஆவியாக்கி என்னும் கருவி உள்ளது. நீர்மம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் கொள்ளும். ஆதலின் ஆவியாக்கி உறைந்து போகாதிருக்க, இயந்திரத்தைச் சுற்றிவரும் சுடுநீர் அதனுள் செலுத்தப்படுகிறது. இதனாலேயே இத்தகைய கார்கள் பெரும்பாலும் பெட்ரோலில் புறப்பட்டு, சுடுநீர் ஓரளவு சூடேறிய பின்னரே வாயுவுக்கு மாறுகின்றன. ஆவியாகி அழுத்தம் குறைந்த வாயு, பழைய கார்களில் கார்புரேட்டரை ஒட்டிய கலப்பான் வழியாகவும், புதிய கார்களில் மின்கணிப்பொறி ஆளும் சிறு பீச்சிகள் வழியாகவும் இயந்திரத்துள் நுழையும்.

டீசல் வண்டியை இவ்வாறு எளிதில் மாற்ற இயலாது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் காற்றுச் சூடேறி எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. இவ்வாயுவைப் பற்றவைக்கவோ தீப்பொறி வேண்டும்.

வரவும் செலவும்

ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கையே ஒரு லிட்டர் நீர்ம வாயு தரும். ஆகவே அதே தொலைவுக்குக் கூடுதலான லிட்டர் செலவாகும். எனினும் வரி குறைவாயுள்ள நாடுகளில் இது பெரிதும் மலிவு. இத்தாலி, போலந்து, துருக்கி ஆகிய நாடுகளில் இத்தகைய கார்கள் மிகுந்திருப்பதற்கு இதுவே முதற்காரணம். புகையில் கரியும் நச்சும் குறையும். கரியமில வாயுவும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆயினும் இயந்திரத்தின் வேகத்திறன் சற்றுக் குன்றும். சில இயந்திரங்களில் வால்வு அமரும் இடங்கள் விரைவில் தேய்வதும் உண்டு.

கலத்தின் காவலர்கள்

இயந்திரப் பகுதியில் தவறு நேர்ந்தால் கார் நின்றுவிடும். கலத்தில் தவறு நேர்ந்தாலோ உயிர் போகும். ஆகவே கலத்தின் வாயிலில் சில காவலர்கள் நிற்கின்றனர்.

முதலாவது, கலம் நூற்றுக்கு எண்பது பங்கு நிரம்பியதும் வாயுவைத் தடுக்கும் வால்வு. வெயிலில் நீர்மம் விரியும். விரிய இடமில்லையேல் எஃகும் பிளக்கும். இரண்டாவது, குழாய் அறுந்தால் பெருக்கை உடனே அடைக்கும் வால்வு. மூன்றாவது, இயந்திரம் நின்றவுடன் வழியை மூடும் மின்வால்வு. நான்காவது, அழுத்தம் அளவுகடந்தால் தானே திறந்து வாயுவை வெளிவிடும் பாதுகாப்பு வால்வு. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 67ஆம் விதியின்படி, இது 27 பார் அழுத்தத்தை ஒட்டித் திறக்க வேண்டும்.

இந்நான்காம் காவலன் இல்லாவிடின் என்ன நேரும்? 1999 ஜனவரியில் பிரான்சின் லியோன் நகரை அடுத்த வெனிசியூவில் கார் ஒன்றுக்குத் தீயிடப்பட்டது. அது எரிவாயுக் கார். அதன் கலத்தில் பாதுகாப்பு வால்வு இல்லை. அக்காலத்தில் அந்நாட்டில் அது கட்டாயமும் அன்று. தீயணைக்க வந்த வீரர்கள் அருகில் நிற்கையில் கலம் வெடித்தது. வீரர்கள் பலர் படுகாயமுற்றனர். அதன் பின்னரே அவ்வால்வு அங்குக் கட்டாயமாயிற்று. பழைய வண்டிகளிலும் அதனைப் பொருத்தும்படி ஆணை பிறந்தது.

சமையல் தோம்பு காருக்கு ஆகாது

வீட்டில் உள்ளதும் இதே வாயுதானே, அத்தோம்பையே காரில் வைத்தாலென்ன என்று வினவுவோர் உளர். சமையல் தோம்பு மேலிருந்து ஆவியைத் தருவது. காரின் கலமோ அடியிலிருந்து நீர்மத்தைத் தருவது. தோம்பைக் கவிழ்த்து நீர்மம் எடுப்போர், மேற்கூறிய காவலர்களைக் கைவிட்டவராவர். கசியும் வாயு காற்றினும் கனமானது. மேலெழுந்து கலையாமல் தரையில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் ஆணை வண்டிகளுக்கு இவ்வாயுவை ஒழுங்குபடுத்தியபோது, சமையல் தோம்பை வண்டியில் பயன்படுத்துவதை விலக்கியதன் காரணம் இதுவே.

மலேசிய வாசகர் மற்றொரு வேறுபாட்டையும் உணர்தல் வேண்டும். இந்நாட்டு வாடகைக் கார்கள் பல பயன்படுத்திவந்தது இவ்வாயு அன்று. மீத்தேன் மிகுந்த இயற்கை எரிவாயு. அது சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினும் நீர்மமாவதில்லை. ஆகவே 200 பார் அளவுக்கு அழுத்தி அடைக்கப்பட்டது. அவ்வண்டிகளை 2025 ஜூலை முதல் விலக்குவதாக அரசு 2024இல் அறிவித்தது. பத்து மடங்கு அழுத்தத்துக்கென அமைந்த கலத்தில் இருநூறு மடங்கு அழுத்தத்தை அடைப்பது, மண்பானையில் வெடிமருந்து இடித்தலை ஒக்கும். ‘கேஸ்’ என்னும் ஒரே பெயரால் இரண்டையும் அழைக்கும் வழக்கம் இப்பிழைக்கு இடந்தரும். பெயர் மயக்கம் சொல்லாராய்ச்சியில் மட்டுமன்று, பட்டறையிலும் கேடு விளைவிப்பதே.

பெருந்தேருக்கும் சிறு அச்சாணியே காப்பு என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். எரிவாயுக் காருக்கு அந்த அச்சாணி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. காரை மாற்றியமைக்கும் கூலியில் மிச்சம் பிடிக்க விரும்புவோர் வேறெதிலேனும் பிடிக்கலாம். அதில் மட்டும் பிடித்தலாகாது.