தங்கவயல் தூசியும் செல்லின் கால்வாய்களும்

கோலார் தங்கவயலில் தங்கம் வெள்ளைக் குவார்ட்ஸ் பாறைக்குள் ஒளிந்திருந்தது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலம் தொட்டு, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மைன்ஸை மூடும்வரை, அந்தப் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் ஆண்கள், அவர்களிலும் மிகுதி தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. துளை போடும்போதும் வெடி வைக்கும்போதும் எழுந்த புழுதி, சிலிக்கா படிகங்களின் புழுதி.

இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி வெளிவந்த முதல் பெரிய மருத்துவ ஆய்வு இந்த ஊரைப் பற்றியதுதான். 1947இல் வெளியான அந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1997இல், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சிலிக்கா படிகத் தூசியை மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது.

சிலிக்கா உடம்பில் கரைவதும் இல்லை, நஞ்சாகக் கலப்பதும் இல்லை. பிறகு எப்படி நோய் தருகிறது? நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. உள்ளே வரும் தூசியை விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. சிலிக்காவை விழுங்கினால் செரிக்க முடியாது. படிகம் செல்லின் செரிமானப் பையைக் கிழிக்கிறது. அதைத் தொடர்ந்து நடப்பதுதான் முக்கியம்: செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. உள்ளே பொட்டாசியம் குறைந்தவுடன் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டம் விழித்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியேற்றுகிறது. இறக்கும் செல்களிலிருந்து சிந்தும் ஏடிபி, பக்கத்துச் செல்லின் பி2எக்ஸ்7 என்ற கால்வாயைத் திறந்து பொட்டாசியத்தை மேலும் இறைக்கிறது. ஆய்வகத்தில் செல்லுக்கு வெளியே பொட்டாசியத்தை மிகுதியாக வைத்து இந்த ஓட்டத்தைத் தடுத்தால், சிலிக்கா இருந்தும் அந்த அழற்சி எழுவதில்லை. சுரங்கத்தில் அந்த ஓட்டத்தைத் தடுக்க யாரும் இல்லை. படிகமோ போவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடிக்க, திசு தழும்பாகிறது. அடிபட்டு அடிபட்டுப் புதுப்பிக்கப்படும் செல்களின் மரபணுவில் பிழைகள் சேர்கின்றன. வேலையை விட்ட பிறகும் இது ஓய்வதில்லை.

பொட்டாசியம் போய்வரும் இந்த வழிகளுக்கு அயனிக் கால்வாய் என்று பெயர். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம், சோடியம், கால்சியம் அயனிகள் அதைத் தாமாகக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதக் குழாய்கள்தான் வழி. ஒரு குழாய் திறந்தால் நொடிக்குக் கோடிக்கணக்கான அயனிகள் பாயும். மைன்ஸில் மணிச் சைகை இல்லாமல் ஆட்களை இறக்கும் கேஜ் நகர்ந்ததில்லை. அதுபோலவே பெரும்பாலான கால்வாய்கள் தமக்குரிய சைகை வந்தால்தான் திறக்கும். செல்லுக்குள் பொட்டாசியம் வெளியைவிட முப்பது மடங்குக்கு மேல், சோடியம் வெளியில் பத்து மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வால் சவ்வின் இருபுறமும் ஒரு மின்னழுத்தம் நிற்கிறது. இதயம் துடிப்பதும் நரம்பு பேசுவதும் அதனால்தான். செல் எப்போது பிளக்க வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு.

புற்றுநோய்ச் செல்கள் இந்த ஒழுங்கை மாற்றிவிடுகின்றன. அவற்றில் பலவற்றின் மின்னழுத்தம், ஓய்ந்திருக்கும் முதிர்ந்த செல்லினுடையதைவிடக் குறைவு. ஓயாமல் பிளக்க அது வசதி. 1999இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் லூயிஸ் பார்டோ, வால்டர் ஸ்டூமர் குழுவினர், வழக்கமாக மூளையில் மட்டும் இருக்கும் ஈஏஜி1 என்ற பொட்டாசியம் கால்வாயை வேறு செல்களில் புகுத்திப் பார்த்தார்கள். அந்தச் செல்கள் எலிகளில் கட்டியாக வளர்ந்தன. கருப்பை வாய், மார்பகப் புற்றுநோய்களிலும் அதே கால்வாய் தென்பட்டது.

மார்பகப் புற்றுநோயில் பரவலுக்குத் துணைபோகும் இன்னொன்று, சோடியம் கால்வாய். சோடியம் உள்ளே நுழைய, செல் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. அந்த அமிலச் சூழலில் சுற்றியுள்ள திசுவைக் கரைக்கும் நொதிகள் வேகம் பெறுகின்றன. வழி பிறந்ததும் செல் நகர்கிறது. சோடியம் கால்வாயை அடைக்கும் மருந்து நம் ஊர்ச் சிறு கிளினிக்கிலும் இருக்கிறது: பல் பிடுங்கும்முன் போடும் லிக்னோகெய்ன். நரம்பின் சோடியம் கால்வாயை அடைப்பதால்தான் அது மரத்துப்போகச் செய்கிறது.

இதை அறுவை மேசைக்கே கொண்டுபோய்ச் சோதித்தவர்கள் நம் நாட்டு மருத்துவர்கள். மும்பை டாடா மெமோரியல் மையத்தின் ராஜேந்திர பட்வே தலைமையில், 11 இந்திய மருத்துவமனைகளில், 1,600 பெண்களிடம் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்குக் கட்டியை வெட்டுவதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகெய்ன் ஊசி. மறுபாதிக்கு வழக்கமான அறுவை மட்டும். ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். உடலின் வேறு இடங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது முறையே 8.5 சதவீதத்தினருக்கும் 11.6 சதவீதத்தினருக்கும். 2023இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜியில் முடிவு வெளியானது. இந்த நன்மை சோடியம் கால்வாயால் மட்டுமே வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. வேறு குழுக்களும் செய்து பார்க்க வேண்டும். ஆனாலும் காப்புரிமை இல்லாத, விலை மலிந்த ஒரு மருந்தில், நூறு பெண்களுக்கு மூன்று நான்கு உயிர் என்பது சிறிய விஷயமே அல்ல. அரசு மருத்துவமனைகள் இதைத் தயங்காமல் பரிசீலிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயாளிகளும் அறுவைக்கு முன் சர்ஜனிடம் இதைக் கேட்கலாம். வீட்டில் மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவுவதால் எந்தப் பயனும் கிடையாது.

தங்கவயல் குடும்பங்கள் பெரிய சிகிச்சை என்றால் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கோ போகிறார்கள். தங்கத் தாதுள்ள பாறைகளில் பல இடங்களில் ஆர்சனிக் கனிமமும் சேர்ந்தே இருக்கும். அந்த ஆர்சனிக்கை வைத்து ஒரு ரத்தப் புற்றுநோயை வென்றதில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. அக்யூட் புரோமைலோசிட்டிக் லுக்கேமியா நோயாளிகள் 72 பேருக்கு 1998 முதல் 2004 வரை ஆர்சனிக் டிரையாக்சைடு மட்டுமே முதன்மை மருந்தாகத் தரப்பட்டது. மூன்றாண்டு முடிவில் ஏறக்குறைய 86 சதவீதத்தினர் பிழைத்திருந்ததை விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 2006இல் பதிவு செய்தார்கள்.

ஆர்சனிக் அந்தப் புற்றுநோயின் தவறான புரதத்தை நேராகப் பற்றி அழியச் செய்கிறது. ஆனால் இதயத்தில் ஹெர்க் என்ற பொட்டாசியம் கால்வாய் சவ்வுக்குப் போய்ச் சேராமலும் அது தடுக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் ஓய்வுநிலைக்குத் திரும்ப அந்தக் கால்வாய் வேண்டும். அது குறைந்தால் இசிஜியில் க்யூடி இடைவெளி நீள்கிறது, துடிப்பு உயிருக்கு ஆபத்தாகத் தடம்புரளலாம். ஆகவேதான் சிகிச்சை நாள்களில் அடிக்கடி இசிஜி எடுக்கிறார்கள், ரத்தத்தில் பொட்டாசியத்தை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போகவிடாமல் பார்க்கிறார்கள். வாந்தி, பேதி இருந்தால் பொட்டாசியம் இறங்கும். அன்றே சொல்ல வேண்டும். வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரான், சளிக்கு வாங்கும் அசித்ரோமைசின் ஆகியவையும் அதே இடைவெளியை நீட்டுபவை. மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடக் கூடாது.

மைன்ஸ் மூடிய 2001இல் முப்பது வயதில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கிறார். இருமல் என்று போனால் எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைக் காசநோய் என்று முடிவுகட்டுவது எளிது. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோயும் அதிகம் வரும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. மாத்திரை முடித்தும் நிழல் குறையவில்லை என்றால், எடை இறங்கினால், சளியில் ரத்தம் வந்தால், சிடி ஸ்கேன் எடுக்கக் கேட்க வேண்டும். எத்தனை வருடம் மைன்ஸில் இருந்தார், என்ன வேலை, பீடி உண்டா என்பதை ஓபி சீட்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.