வேதாகமத்தில் எண்ணும் எழுத்தும்



கித்துல்கலவில் எங்கள் பள்ளியிலே தோட்டத்துப் பிள்ளைகள் இருவர் ஒருநாள் வழக்கொன்றைக் கொண்டுவந்தனர். இருவர் கையிலும் வேதாகமம். இருவர் முகத்திலும் சினம். அந்நூலின் சரிநடு எது என்பதே வழக்கு. 117ஆம் சங்கீதம் என்றான் ஒருவன். எண்ணிப் பார்த்தேன், அன்று என்றான் மற்றவன்.

முதல்வன் கூற்று பொய்யன்று. அவனிடம் இருந்தது புரட்டஸ்தாந்து சபையாரின் நூல். அதில் 66 ஆகமங்கள், 1189 அதிகாரங்கள். 117ஆம் சங்கீதத்திற்கு முன்னே 594, பின்னேயும் 594. நூல் முழுவதிலும் மிகச் சிறிய அதிகாரமும் அதுவே, இரண்டே வசனங்கள். ஒன்று விட்டு அடுத்து வரும் 119ஆம் சங்கீதமோ மிகப் பெரியது, 176 வசனங்கள். வியப்பன்றோ?

மற்றவனும் பொய்யுரைத்தானல்லன். அவனுடையது கத்தோலிக்கர் நூல். அதில் 73 ஆகமங்கள் உள்ளமையால் நடு வேறிடத்திற்குப் பெயர்ந்துவிடுகிறது. மேலும், இன்று நாம் எண்ணும் அதிகாரப் பிரிவு மூல ஆசிரியர்கள் வகுத்ததன்று. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்னும் ஆங்கிலேயர் அமைத்த முறையைத் தழுவியது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களோ, பிரெஞ்சு அச்சகர் ரொபேர் எத்தியேன் 1551இல் பதித்தவை. ஆகவே நடுவைப் பற்றிய வியப்பு தற்செயலாய் விளைந்ததே.

எனினும், ஆசிரியரே கருதி அமைத்த எண்களும் உண்டு. எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். 119ஆம் சங்கீதத்தில் எழுத்துக்கு எட்டு வசனம். அவ்வெட்டும் அவ்வெழுத்தாலேயே தொடங்கும். இருபத்திரண்டெட்டு 176. ஔவையாரின் ஆத்திசூடி நெடுங்கணக்கு முறையில் நடப்பதை இதனோடு ஒப்பிடலாம். தமிழில் பெயர்த்தபோது எழுத்தொழுங்கு மறைந்தது. எண் மட்டும் எஞ்சியது.

மத்தேயு, ஆபிரகாம் முதல் இயேசு வரையுள்ள தலைமுறைகளை மூன்று பதினான்குகளாக வகுத்து, அதனைத் தாமே எடுத்துரைக்கிறார். தமிழில் 'க' ஒன்றையும் 'உ' இரண்டையும் குறித்தது போல, எபிரேய எழுத்துகளுக்கும் எண்மதிப்பு உண்டு. தாவீது என்னும் பெயரின் மூன்றெழுத்துகள் 4, 6, 4, கூட்டினால் 14. மத்தேயு இதனைக் கருதியே வகுத்தார் என்பர் அறிஞர் பலர்.

இவ்வேறுபாட்டை அறியாமை விளையாட்டன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் வேதக் கணக்கை நம்பிய ஆயிரக்கணக்கானோர், 1844 அக்டோபர் 22ஆம் நாள் கிறிஸ்து மீண்டும் வருவாரெனக் காத்திருந்தனர். அந்நாளும் ஏனைய நாள்களைப் போலவே கழிந்தது, பலர் உள்ளமுடைந்தனர்.

ஆதலின், எண்ணொன்று நம்மை மயக்கும்போது ஒன்று கேட்போம்: இஃது ஆசிரியர் வைத்த எண்ணா, நாம் கண்ட எண்ணா? அவ்விரு சிறுவரிடமும் இதையே கேட்டேன். சினம் தணிந்தது. இரு நூல்களையும் அருகருகே விரித்து, 119ஆம் சங்கீதத்தை இருவரும் சேர்ந்தே எண்ணத் தொடங்கினர்.