முல்தான் கோட்டை மேட்டில் கூரையிழந்த நரசிம்மர் கோயில்

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள முல்தான், ஆறு வாசல்கள் கொண்ட பழைய மதில் நகரம். நகரை ஒட்டிய கோட்டை மேட்டில், 13ஆம் நூற்றாண்டு சூஃபி ஞானி பஹாவுதீன் ஜகரியாவின் தர்காவுக்குப் பக்கத்திலேயே பிரகலாதபுரி கோயில் இடிந்து கிடக்கிறது. தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மர் வந்த இடம் இதுதான் என்பது முல்தான் இந்துக்களின் நம்பிக்கை. தமிழ் வைணவர்களுக்கு அந்த இடம் அகோபிலம்.

இந்தக் கோயில் ஏற்கெனவே ஒருமுறை வெறிச்சோடி மீண்டிருக்கிறது. 1848 டிசம்பரில் ஆங்கிலேயர் கோட்டையை முற்றுகையிட்டபோது வெடிமருந்துக் கிடங்கில் குண்டு விழுந்து வெடித்தது. கோயிலும் தர்காவும் சேர்ந்தே சேதமடைந்தன. 1853இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் வந்து பார்த்தபோது, செங்கல் கட்டடமும் கூரையைத் தாங்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத் தூண்களும் இருந்தன; கும்பிட ஆள் இல்லை. பிறகு ஊரார் நன்கொடை திரட்டி எடுத்துக் கட்டினார்கள். சிகரம் தர்காவின் குவிமாடத்தைவிட உயரக் கூடாது என்று எழுந்த பிணக்கு, 1881 கலவரத்துக்கு ஒரு காரணமாயிற்று. சண்டை போடவும் திரும்பக் கட்டவும் அன்று ஊரில் இந்து, முஸ்லிம் இரு தரப்பாரும் இருந்தார்கள்.

1947 பிரிவினையில் இந்துத் தரப்பு ஊரைவிட்டே போய்விட்டது. மூலவர் சிலையை ஹரித்வாருக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். மதிலுக்குள் இருந்த சிறு கோயில்கள் பலவற்றில், இந்தியாவிலிருந்து உடுத்த துணியோடு வந்த அகதிக் குடும்பங்கள் குடியேறின. அவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை. கோயில்களும் அவற்றின் நிலங்களும் வெளியேறியோர் சொத்து என்ற கணக்கில் சேர்ந்தன. இவற்றை இப்போது நிர்வகிப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரசு வாரியம். நிலத்துக்குக் குத்தகை வசூலிக்க அதனிடம் ஆள் உண்டு. பூட்டிய கோயிலின் ஒழுகும் கூரைக்காக வாரியத்தின் வாசலில் போய் நிற்கத்தான் பக்தர்கள் இல்லை. கைவிடப்பட்ட கோயில்கள் பலவும் இப்படித்தான் மெல்ல அழிந்தன.

பிரகலாதபுரிக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 1992 டிசம்பர் 6இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் பாகிஸ்தான் முழுக்கக் கோயில்கள் தாக்கப்பட்டன. இந்தக் கோயிலையும் கும்பல் இடித்தது. கூரை போயிற்று, செங்கல் சுவர்கள் மிஞ்சின. 2021இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்திடம் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான ஆணையம் அளித்த அறிக்கை, சீரழிந்த வழிபாட்டிடங்களில் ஒன்றாக இதையும் குறிப்பிட்டது.